ரீத் இருந்த இடம்

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஆராதனைக்குப் போனேன். என் கணவர் எட்வின் செருப்பை மாட்டிக்கொண்டே இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர நான் கோயில் பக்கம் போவதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் ஆட்களுக்கு சர்ச் என்பது கோயில், பாதிரியார் என்பவர் ஐயர். கல்லூரியில் என் துறையில் கூட வேலை பார்க்கும் பகவதி இதை வைத்தே கேலி செய்வாள். "கோயிலும் எங்களுது, ஐயரும் எங்களுது. பின்ன எதுக்கு மேடம் உங்க பாட்டன்மாரு அவ்வளவு மெனக்கெட்டு மாறினாவ?"

சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி எல்லாப் பெண்களும் அப்படியேதான் இருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் மற்றவர்கள் தலைப்பை இறக்கினார்கள். நான் இறக்கவில்லை. வெயில் கடுமையாக இருந்தது.

பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. மதியம் சாளைமீன் குழம்பு. வாஷிங் மெஷின் மறுபடியும் தண்ணீர் ஒழுகுகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவைத்தால் மனம் ஒழுங்குபடுமா என்று பார்க்கிறேன்.

நாற்பதைத் தாண்டியதும் வகிட்டில் முடி குறையத் தொடங்கியது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, பலவிதமான எண்ணெய்கள். போன வருடம் துறை விழாவில் ஒரு மாணவி மாடியில் நின்று எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்தாள். வாட்ஸப்பில் அதைப் பெரிதாக்கியபோது நடுவில் ஓர் உச்சந்தலை வெள்ளையாக மின்னியது. யாருடையது என்று கொஞ்ச நேரம் தேடினேன்.

மே விடுமுறையில் சென்னை போய் முடி நட்டுக்கொண்டேன். கல்லூரியில் பயிற்சி வகுப்பு என்று சொன்னேன். எட்வினுக்கு மட்டும் தெரியும். யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவருக்கு முப்பத்தைந்து வயதிலேயே வழுக்கை. மின்வாரியத்தில் அந்தத் தலையோடுதான் கம்பத்துக்குக் கம்பம் போய்வருகிறார். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அந்த மருத்துவமனையின் சுவர் முழுக்க 'முன்', 'பின்' என்று படங்கள். சரியாக வராதவர்களின் படத்தை யார் மாட்டப் போகிறார்கள்? ஒரு மாணவி இப்படிப்பட்ட மாதிரியைக் கொண்டுவந்து முடிவு சொன்னால் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். இருபத்திரண்டு வருடங்களாகப் புள்ளியியல் கற்பிக்கிறேன். அன்று அந்தச் சுவருக்கு முன்னால் வாய் திறந்து நின்றேன்.

ஆலோசகர் பெண் பழைய படம் ஒன்று கேட்டாள். முன்பு முடி எங்கே தொடங்கியது என்று டாக்டர் பார்க்க வேண்டுமாம். எனக்குப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கமில்லை. முகம் நேராகத் தெரிவது கல்யாணப் படம் ஒன்றுதான். வெள்ளைப் பட்டு, தலையில் நெட், நெட்டைப் பிடித்து நிறுத்த மெழுகுப் பூக்கள் கட்டிய ஒரு வளையம். ரீத் என்போம். நெற்றியில் நன்றாக இறங்கி உட்கார்ந்திருக்கும்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கி, ரீத்தின் கீழ் விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையே அளந்தார். அதன்படி என் நெற்றியில் ஊதா மையால் கோடு போட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "பாருங்க மேடம், அப்படியே கல்யாணப் பொண்ணு."

அது முடி தொடங்கும் கோடு அல்ல, பூ முடியும் கோடு. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை. கண்ணாடியைப் பிடித்திருந்தது நான்தான். சரி என்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

இப்போது என் தலை இப்படி இருக்கிறது. வகிட்டில் நட்டதில் பாதி முளைக்கவே இல்லை. அங்கே முன்பைவிட மோசம். நெற்றியில் நட்டது மட்டும் நன்றாக முளைத்திருக்கிறது. இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே, பின்னந்தலையின் தடித்த முடி, கொத்துக் கொத்தாக, முன்னோக்கி நெட்டுக்குத்தாக நிற்கிறது. எண்ணெய் தடவினாலும் படியாது. ஈரமாக இருக்கும்போது படிவது போலிருக்கும்; காய்ந்ததும் எழுந்துவிடும்.

முதல் பருவம் முழுக்க ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சைனஸ் என்றேன். ஜனவரியில் காற்றடித்து ஸ்கார்ஃப் நழுவியது. முதல் பெஞ்சில் ஒரு பெண் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்திருந்தால் பரவாயில்லை. மறுநாளே மருத்துவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன்.

இன்று மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

"பன்னெண்டு மாசம் வெயிட் பண்ணணும் மேடம். ரிசல்ட் அப்பதான் ஃபுல்லா தெரியும்."

"நெற்றியில் முளைத்தது பன்னிரண்டு மாதத்தில் மேலே ஏறிப் போய்விடுமா?"

"அது... டாக்டர்ட்ட கேட்டுச் சொல்றேன் மேடம். நீங்க அப்ரூவ் பண்ணின லைன்தான மேடம் அது?"

ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை தினமும் மாலையில் கோயிலில் கூடுகை. தினமும்.

எட்வின் வாசலில் நின்று, "இன்னிக்குமா?" என்றார். "ஏன், வரக்கூடாதா?" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லலியே. ஐயர்தான் பயந்துபோவாரு" என்றார்.

ஐயரம்மா, அதாவது ஐயரின் மனைவி, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பியூலா, ஒங்கள ஆண்டவரே கூட்டிட்டு வந்திருக்காரு." அவர் கண் என் முகத்தில் எதையோ தேடியது. தலைப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சமாதானபுரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் புருவம் திருத்தும் சின்ன இடுக்கி வாங்கினேன். நான் புருவம் திருத்துகிறவள் இல்லை. என் புருவம் அப்பாவுடையது, அடர்த்தியானது. நெற்றியில் எல்லாவற்றையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டை மட்டும் எடுக்கத்தான்.

பிப்ரவரி 27, வெள்ளி

இடது பக்கம் கொஞ்சம் சரியாகியிருக்கிறது. வலது பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. நாளை பார்க்கலாம்.

மார்ச் 2, திங்கள்

ஐயரம்மா ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்து தானே ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ரத்தம் எல்லாம் எப்படி இருக்கு? ஏறியிருக்கா?"

கேள்வி விநோதமாக இருந்தது. ஆனால் தைராய்டுக்காகப் போன வாரம்தான் பரிசோதனை செய்திருந்தேன். ஹீமோகுளோபின் பதினொன்று என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லாரும் ஒங்களுக்காக ஜெபிக்கோம். என்ன ஏதுன்னு யார்ட்டயும் சொல்லல. நீங்க சொல்லாதப்ப நாங்க சொல்ல மாட்டோம்."

மின்விசிறிக் காற்றில் தலைப்பு நழுவப் பார்த்தது. அவர் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். எதையும் விசாரிக்காமல் இப்படி ஒருவர் செய்வது எவ்வளவு பெரிய நிம்மதி.

மார்ச் 9, திங்கள்

பகவதி போன் செய்தாள். எப்போதும் என்னை வம்பிழுக்கிறவள் இன்று மெதுவாகப் பேசினாள். பருவத்தேர்வு வேலையை அவளே பார்த்துக்கொள்கிறாளாம். விடுப்பை மே வரை நீட்டுவதற்குப் பிரின்சிபால் நான் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"நீங்க எதையும் யோசிக்காதீங்க மேடம். எங்க சித்திக்கும் இருந்துச்சு. இப்ப பழனிக்கு ஏறி எறங்குதா."

"எது இருந்தது?"

"சரி மேடம், ரெஸ்ட் எடுங்க. ஜூன்ல நீங்க கண்டிப்பா வருவீங்க. ப்ராபபிலிட்டி ஒண்ணுன்னு வச்சுக்கோங்க."

நிகழ்தகவு ஒன்று என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். எமிமா. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை, நாற்பது வயது இருக்கும். தலைப்புக்குள்ளே காதுவரை ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். முகம் வெளிறி வழவழவென்றிருந்தது.

"எக்கா, ஒங்களுக்கு எத்தனாவது ஊசில கொட்ட ஆரம்பிச்சுது? எனக்கு ரெண்டாவதுலயே போயிட்டு. குளிக்கும்போது கையோட வந்துட்டுக்கா."

அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. ஸ்கார்ஃப், சென்னைப் பயணம், மருத்துவ விடுப்பு, முக்காடு, திடீர் பக்தி. ஊர் கூட்டிக் கழித்து எனக்குப் புற்றுநோய் என்று முடிவு செய்திருக்கிறது. கையில் இருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான்.

திருத்தியிருக்க வேண்டும். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒங்களப் பாத்தா தெம்பா இருக்குக்கா" என்றாள்.

சீக்கிரம் சரியாகிவிடும் என்றேன். அது யாரும் யாருக்கும் சொல்லக்கூடிய வாக்கியம்.

மார்ச் 16, திங்கள்

எட்வினிடம் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆபீஸ்லயும் கேட்டானுவ" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பின்ன என்னன்னு கேப்பான். யார்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னது நீதான?" ரசத்தை ஊற்றிக்கொண்டார். "முருங்கைக்காய் முத்திட்டு."

மார்ச் 21, சனி

இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வரவேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் அதிகமாகத் தெரிகிறது. குளியலறை வெளிச்சம் போதவில்லை. பின்கட்டில், மதியத்தில், கண்ணாடியைத் துவைகல்லின் மேல் சாய்த்து வைத்தால் நன்றாகத் தெரிகிறது. எட்வின் வரும் நேரம் ஆனதே தெரியவில்லை. சோறு வைக்கவில்லை. ஓட்டலில் பரோட்டா வாங்கிவந்தார்.

மார்ச் 27, வெள்ளி

இங்கேயே ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். இளம்பெண். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். சுற்றி வளைக்காமல் பேசினார், அது பிடித்திருந்தது.

மறுபடி நடுவதற்குப் பின்னந்தலையில் முடி போதாது. தொடக்கத்திலேயே போதாது, நடச் சொல்லியிருக்கவே கூடாது. நெற்றியில் இறங்கியிருப்பதை லேசர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். புள்ளி புள்ளியாகத் தழும்பு தெரியும். வகிட்டில் இருப்பது இவ்வளவுதான். இனி இறங்குமே தவிர ஏறாது.

"அப்படியானால் பழையபடி ஆவதற்கு வழியில்லையா?"

"பழையபடின்னா எது மேடம்? நட்டதுக்கு முந்தியா, அதுக்கும் முந்தியா?"

இடது பக்கத்தை மறுபடி லென்ஸால் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் கேட்டார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மார்ச் 28, சனி

இடுக்கியை எட்வினிடம் கொடுத்து அவருடைய டூல்ஸ் பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னேன். மீன் முள் எடுக்க வசதியாக இருக்கும் என்றேன். அவர் அதைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "சரி, முள்ளு எடுக்கும்போது கேளு" என்றார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. அனல். ஐயர் சிலுவையின் ஏழு வார்த்தைகளில் நான்காவதற்கு வரும்போது, பக்கத்தில் இருந்த எமிமா சரிந்து என் தோளில் சாய்ந்தாள். வெளியே கூட்டிவந்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். அவள் கணவர் சாலமோன் தண்ணீர் எடுக்க ஓடினார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். பருத்த உடம்பு, பயந்த கண்.

அவர் இல்லாத நேரத்தில் எமிமா சொன்னாள். "இவரு ஊசிய நிறுத்தச் சொல்லுதாருக்கா. நான் வாந்தி எடுக்கதப் பாக்க முடியலயாம். மலையடிவாரத்துல யாரோ பொடி குடுக்காவளாம், அதுல கொணமாயிருமாம். இன்னும் நாலு ஊசி இருக்கு. டாக்டரு விடவே கூடாதுங்காரு. எனக்குச் சண்ட போடத் தெம்பு இல்ல."

"நீ என்ன சொன்னே?"

"ஒங்களக் காட்டினேன். பியூலாக்கா முழுசா எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நடமாடலியான்னு. அதுக்குப் பொறவுதான் போன தடவ வண்டிய எடுத்தாரு."

சாலமோன் சொம்போடு வந்தார். எமிமாவுக்குக் கொடுக்கும் முன் எனக்கு நீட்டினார். "நீங்க குடிங்க மேடம். நீங்களும் சீக்குக்காரிதான."

குடித்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

நாளையிலிருந்து மாலைக் கூடுகை இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மே பதினேழு ஸ்தோத்திரப் பண்டிகை. நன்றி சொல்கிறவர்கள் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்வார்கள். அப்புறம் எல்லோருக்கும் அசனம், ஆட்டுக்கறிச் சாப்பாடு. நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

"எனக்கு அதெல்லாம் வராது" என்றேன்.

"காலேஜ்ல அம்பது பேருக்கு முன்னால பேசுதிய. இங்க வராதோ?" என்று ஐயரம்மா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைப்பு விலகும்போது பாத்தேன். முன்னால நல்லா கருகருன்னு மொளச்சிருக்கு. அது அற்புதம் இல்லாம என்ன?" என்றார்.

நெற்றியில் கைவைத்தபடியே வீட்டுக்கு வந்தேன். அந்த முடியைப் பார்த்து மகிழ்ந்த ஒரே ஆள் அவர்தான்.

இதற்கு மேல் போகக்கூடாது. சபைக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊர் சிரிக்கும், கல்லூரி சிரிக்கும். அதற்குப் பிறகு வகுப்பில் போய் நிற்பது நடக்காது. வேலையை விட வேண்டியதுதான். விருப்ப ஓய்வுக்கு எத்தனை வருடம் வேண்டும் என்று பார்த்தேன். எனக்குத் தகுதி இருக்கிறது. முதலில் எமிமாவிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 22, புதன்

எமிமா தனியாக இருந்தாள். நைட்டி, ஸ்கார்ஃப் இல்லை. "பயந்துராதிய, இதான் நம்ம தலை" என்று சொல்லி முறுக்கு டின்னைத் திறக்கப் போனாள்.

"எமிமா, எனக்குக் கேன்சர் இல்லை."

"தெரியும்க்கா."

டின் மூடி திறக்கவில்லை. நைட்டியால் பிடித்துத் திருகினாள்.

"ஊசி போட்டவளுக்கு இம்புட்டு அடர்த்தியா புருவம் நிக்குமா? என்னயப் பாருங்க, அவிச்ச முட்ட கணக்கா இருக்கேன். ரெண்டாவது தடவ பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு. பின்ன என்ன நோயின்னுதான் தெரியல. மூளையிலயோன்னு நெனச்சேன்."

"நோய் இல்லை. முடி நட்டேன். சரியாக வரவில்லை."

"நட்டியளா?"

தலைப்பை எடுத்தேன். எட்வினையும் டாக்டர்களையும் தவிர யாருக்கும் காட்டியதில்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். முகம் மாறியது. "நான் ஒங்களுக்காக உபவாசம் இருந்தேங்க்கா. ஊசி போட்ட வயித்தோட. எனக்கு மயிரு கொட்டிப்போச்சு, நீங்க நட்டுக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து..." எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் போயிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே, ஒரு விரலால் என் நெற்றி முடியைத் தடவினாள்.

"எந்தப் பயலுக்கா நட்டான் இத? பாத்திரம் வெளக்க பிரஷ்ஷு மாரில்லா இருக்கு."

அப்புறம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேனா என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது.

"பண்டிகை அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "சொல்லாதிய."

"பொய் சொல்லி நிற்க முடியாது, எமிமா."

"ஒங்களுக்குப் பொய்யி. எனக்கு இன்னும் மூணு ஊசி. நேத்து ராத்திரி அவரு கேட்டாரு, அந்த மேடத்துக்கு மட்டும் புருவம் எப்பிடி அப்பிடியே இருக்குன்னு. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. சில ஆளுகளுக்கு ஊசி முடிஞ்சு மாசக்கணக்குக்குப் பொறவுதான் புருவம் போகும்னு ஆஸ்பத்திரி நர்ஸு ஒரு தடவ சொல்லிச்சு. அதயே சொன்னேன். அவுகளுக்கு இனிமேதான் போகும்னேன்." என் கையைப் பிடித்தாள். "ரெண்டு மாசம். அதுக்குப் பொறவு நீங்க யார்ட்ட வேணும்னாலும் சொல்லுங்க. நானே மைக்கு பிடிச்சுச் சொல்லுதேன்."

முறுக்கு நமுத்துப்போயிருந்தது. தின்றேன்.

மே 3, ஞாயிறு

சாலமோன் வேன் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராக வந்துவிட்டார். "மேடம், தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்களுக்கு எந்த ஆஸ்பத்திரில பாத்தாவ?"

சென்னை என்றேன். உண்மைதான்.

"புருவம் போகலியோ?"

"ஆளுக்கு ஆள் மாறும்."

தலையாட்டினார். நம்பவில்லை. நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மே 8, வெள்ளி

எமிமா போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை ஊசிக்கு அவர் வண்டி எடுக்கவில்லை. வேனுக்கு வேலை இருக்கிறது என்றாராம். அலமாரியில் பொடி டப்பா வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கெஞ்சி அடுத்ததற்கு அடுத்த செவ்வாய்க்கு, பத்தொன்பதாம் தேதிக்கு மாற்றி வாங்கியிருக்கிறாள். "அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்க்கா, திரும்ப மொதல்லருந்துன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாவ."

நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

"கூட்டிட்டுப் போயிட்டு? ராத்திரி இந்த வீட்டுக்குத்தான வரணும்? அவரு கெட்டவரு இல்லக்கா. பயந்துபோய்க் கெடக்காரு."

மே 12, செவ்வாய்

வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்தார். ரப்பர் போய்விட்டதாம். கை அரிக்கிறது. டூல்ஸ் பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை.

மே 17, ஞாயிறு. ஸ்தோத்திரப் பண்டிகை

காலையில் எட்வினிடம் இடுக்கியைக் கேட்டேன்.

"இன்னிக்கு மீன் இல்லியே. கோயில்ல கறிச்சாப்பாடுல்லா?"

"தெரியும்."

அவர் சாவியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொடுத்தார். பின்கட்டில், துவைகல்லின் மேல் கண்ணாடியைச் சாய்த்தேன். கோயில் ஒலிபெருக்கியில் பாமாலை ஓடிக்கொண்டிருந்தது. இடது புருவம் முதலில். அப்பாவின் புருவம் எளிதில் வரவில்லை. எட்வின் கதவருகே வந்து நின்றார். "பியூலா, என்ன பண்ணுத?" என்றார். "எமிமாவுக்காக" என்றேன். முழுக்க உண்மை என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் அடக்கிவைத்த கைக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. கை நடுங்கவே இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

கோயிலில் ஐயரம்மா என் பெயரைச் சொன்னதும் எழுந்து முன்னால் போனேன். திரும்பி நின்றபோது முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எமிமா மூன்றாவது வரிசை. அவளுக்குப் பின்னால், ஆண்கள் பக்கத்தில், சாலமோன்.

நான் பேசியது இவ்வளவுதான். "எனக்குச் சாட்சி சொல்லத் தெரியாது. என் உடம்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சூப் கொடுத்தீர்கள், ஜெபித்தீர்கள். நான் அதற்குத் தகுதியானவள் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நான் ஒரு வைத்தியத்தைத் தப்பான ஆளை நம்பிச் செய்துகொண்டு கெட்டேன். சரியான வைத்தியம் கிடைத்தவர்கள் அதைப் பாதியில் விடாதீர்கள். பயமாக இருந்தாலும் விடாதீர்கள். வண்டி எடுக்க வேண்டியவர்கள் வண்டியை எடுங்கள்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சபையின் காதில் விழுந்தது முழுக்கப் பொய். எண்களை வைத்து இதை எப்படிச் செய்வார்கள் என்று ஒவ்வொரு வருடமும் முதலாமாண்டு மாணவிகளை எச்சரிக்கிறேன்.

சாலமோன் குனிந்து கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார்.

அசனத்தில் எமிமா தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கறியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏங்க்கா இப்பிடிப் பண்ணிய?"

"இனிமேதான் போகும்னு நீதானே சொன்னே."

"கிறுக்கச்சி" என்றாள். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை விடவில்லை.

மே 19, செவ்வாய்

சாலமோன் வண்டி எடுத்தார்.

ஜூன் 9, செவ்வாய்

இன்றும் எடுத்தார். நானும் கூடப் போனேன். அந்த வார்டில் யாரும் யாருடைய தலையையும் பார்ப்பதில்லை. உள்ளே போனதும் தலைப்பை இறக்கினேன். எதிர்க் கட்டிலில் இருந்த அம்மா மட்டும் என் நெற்றியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒனக்கு நல்லா வருது தாயி" என்றார்.

எமிமாவுக்கு இன்னும் ஒன்று.

ஜூன் 15, திங்கள்

கல்லூரி திறக்கும் நாள். விருப்ப ஓய்வுக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருந்தேன். காலை ஐந்து மணியிலிருந்து கண்ணாடி முன்னால் நின்றேன். மேலே மெலிந்த வகிடு, நெற்றியில் பிரஷ், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. இடது பக்கம் முளைக்காமலே போகலாம். ஸ்கார்ஃப் கட்டினேன், அவிழ்த்தேன். போக முடியாது என்று எட்வினிடம் சொன்னேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். புருவம் வரையும் பென்சில். அதே ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினாராம். "அந்தப் பிள்ள, யாருக்கு சார்னு கேட்டுச்சு. எனக்குத்தான்னேன்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அன்று டாக்டர் கோடு போட்டார். இன்று நீங்களா?"

"முப்பது வருசமா லைன் போடுதது நான்தான். அசையாத."

மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். அவர் வழுக்கைத் தலை என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது, தேங்காயெண்ணெய் வாசம். முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இடது கொஞ்சம் மேல ஏறிட்டு. எதச் சொன்னாலும் நம்பாதவ மாரி இருக்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

"அழிச்சிட்டு மறுபடி போடட்டா?"

வேண்டாம் என்றேன். முதல் மணி எனக்கு வகுப்பு. நேரமாகிவிட்டது. ஸ்கார்ஃப் நாற்காலியிலேயே கிடக்கிறது.